சபர் முடிந்து வீடு திரும்பும் பெரியவர்களுக்கு

(நம் அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற வருடம் ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு பெரியவர் நம் இமாமிடம் வந்து, "ஹஜ்ரத், நான் இங்கே கஸ்ராகத் தொழணுமா, முழுசாத் தொழணுமா?" என்று கேட்டார். அவர் வெளியூர்க்காரர் அல்ல. இதே ஊரில் பிறந்தவர், இதே பள்ளிவாசலில் ஓதியவர். பள்ளியிலிருந்து ஐந்தாவது தெருவில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "காக்கா, உங்க நிய்யத் என்ன? இங்கே தங்க வந்திருக்கீங்களா, பார்த்துட்டுப் போக வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். பெரியவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அவரிடம் அனுமதி கேட்டுத்தான், பெயர் சொல்லாமல், இதைச் சொல்கிறோம்.

நம் ஊரில் 'சபர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். வாலிப வயதில் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போவது. இப்போது இன்னொரு சபர் நம் குடும்பங்களில் வந்திருக்கிறது. அறுபது வயதில் வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு தொடங்கும் சபர் அது. மூத்த மகனிடம் துபாயில் மூன்று மாதம், மகளின் பிரசவத்துக்குக் கோலாலம்பூரில் ஆறு மாதம், அங்கிருந்து உம்ரா, திரும்பும் வழியில் சென்னையில் இளைய மகன் வீடு, இடையில் அஜ்மீர், டெல்லி, காஷ்மீர் என்று ஒரு சுற்று. பெட்டியைப் பிரித்து அடுக்கவே நேரமில்லை. நாம் சொன்ன அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் ஒன்பது வருடம் இப்படி இருந்தார்கள். அதில் ஊர் வீட்டில் படுத்த இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டுப் போவது அல்லாஹ்வின் நிஃமத். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக் கலிமா சொல்லிக் கொடுப்பதற்கு எத்தனை பேருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது? ஆனால் எந்தப் பயணமும் ஒரு நாள் முடியும். முட்டி வலிக்கும், விமானத்தில் நாலு மணி நேரம் உட்கார முடியாது, காப்பீட்டுக் கட்டணம் வயதோடு ஏறும், பிள்ளைகளின் விசா நிலை மாறும். அப்போது "ஊருக்கே போய்விடலாம்" என்று முடிவெடுக்கிறோம். பயணத்துக்கு எத்தனை ஏற்பாடு செய்தோமோ, அதில் கால்வாசிகூட இந்தத் திரும்புதலுக்குச் செய்வதில்லை. "நம்ம ஊர்தானே, நம்ம வீடுதானே" என்று நினைத்துவிடுகிறோம்.

அந்தப் பெரியவர் வந்து இரண்டாவது வாரம். இரவு இரண்டு மணிக்கு அவர் மனைவிக்கு மூச்சுத் திணறல். பதற்றத்தில் அவர் கைப்பேசியில் அழுத்தியது 999. அது மலேசியாவின் அவசர எண். மகள் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது மனதில் பதிந்துவிட்டது. நம்முடைய 108 நினைவுக்கு வரவில்லை. பிறகு மகளுக்கு அடித்தார். அங்கே அப்போது விடியற்காலை நாலரை மணி. மகள் துபாயில் இருக்கும் அண்ணனுக்கு, அண்ணன் சென்னையில் இருக்கும் பள்ளித் தோழனுக்கு, அந்தத் தோழர் நம் அறக்கட்டளை உறுப்பினர் ஒருவருக்கு. இப்படி ஊர் சுற்றி வந்து, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வீட்டிலிருந்து ஐந்தாவது வீட்டில் ஒரு செவிலியர் குடியிருக்கிறார். அவரை இவருக்குத் தெரியாது, இவரை அவருக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு முன் அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்தவர் இவர். தெரு மாறிவிட்டது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மீதியில் வாடகைக்கு வந்தவர்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாய் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து குணமாகி வந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் மறக்கவில்லை. இரண்டு வாரமாக ஊரில் இருக்கிறார்கள், நாங்கள் ஒருவரும் அந்த வாசற்படி ஏறிப் பார்க்கவில்லை. "சபர்லேருந்து வந்திருக்காங்க, சீக்கிரம் திரும்பிடுவாங்க" என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். எனவே இன்று சொல்வதில் பாதி பெரியவர்களுக்கு, பாதி நமக்கே.

முதலில் நிய்யத்

பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளச் சலுகை தந்த நம் மார்க்கம், அவர் எப்போது பயணி இல்லை என்பதற்கும் அளவு வைத்திருக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தால் அவர் முகீம் என்பது ஹனஃபி மத்ஹபு. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் முகீம் என்பது ஷாஃபி மத்ஹபு. நுணுக்கங்களை ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கவனிக்க வேண்டியது, பயணியைக் குடியிருப்பவராக ஆக்குவது அவர் மனதில் வைக்கும் நிய்யத் என்பதை. பெட்டி எங்கே இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

சூரா அந்நஹ்லின் 80வது வசனத்தில் அல்லாஹ் நமக்கு வீடுகளை அமைதி கொள்ளும் இடமாக ஆக்கித் தந்ததை ஓர் அருளாகச் சொல்லிக் காட்டுகிறான். பயணம் மனிதனின் உணவையும் உறக்கத்தையும் தடுக்கக்கூடியது, எனவே வந்த காரியம் முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள், மக்களைச் சந்திப்பார்கள், பிறகே வீட்டுக்குள் போவார்கள் என்பது ஹதீஸ்களில் வருகிறது. ஊருக்குத் திரும்புதல் என்றால் ஊராரிடம் திரும்புதல் என்பதை இதைவிட எப்படி விளக்க முடியும்?

உலகம் சுற்றிய இப்னு பதூதா 1325இல் தன் 21ஆம் வயதில் தான்ஜியரை விட்டுக் கிளம்பினார். நம் மதுரை சுல்தான்களின் நாட்டுக்குக்கூட வந்து போனவர். 1349இல் மொராக்கோ திரும்பியபோது, தாய் சில மாதங்களுக்கு முன்புதான் கொள்ளைநோயில் இறந்துவிட்டார் என்ற செய்திதான் காத்திருந்தது. அதற்குப் பிறகும் சில பயணங்கள் போனார். கடைசியில் சொந்த நாட்டில் தங்கித் தன் பயணங்களைச் சொல்லி எழுதவைத்தார், காழியாகப் பணி செய்தார். நாம் விட்டுப் போன ஊர் நமக்காக அப்படியே காத்திருப்பதில்லை. திரும்பி வந்தபின் ஒரு வேலையும் பொறுப்பும் இருந்தால்தான் அங்கே மீண்டும் வேர் பிடிக்கும். இந்த இரண்டையும் அவர் வாழ்க்கையில் பார்க்கலாம்.

வீட்டுப் பத்திரம்

இதைச் சொல்வது கசப்பு, ஆனால் சொல்லாமல் விட முடியாது. "நாங்க இனி உங்களோடதானே இருக்கப் போறோம்" என்று ஊர் வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பெற்றோர் உண்டு. திரும்பி வரும்போது வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள், அல்லது வீடே விற்கப்பட்டிருக்கிறது. எங்கள் அலுவலகப் படியேறி வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

பயணம் ஓயும் வரை ஊர் வீட்டைக் கைவிடாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆயுள் வரை நீங்கள் இருவரும் குடியிருக்கும் உரிமையையும், உங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, அப்படி நிபந்தனையோடு கொடுத்த சொத்தில் நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டிருந்தால் நிரூபிப்பது கடினம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அவர்களிடையே நீதமாக நடக்க வேண்டும் என்ற நபிமொழியும் நினைவில் இருக்கட்டும். ஹிபா, வஸிய்யத் எழுதுமுன் ஆலிமிடமும் வக்கீலிடமும் சேர்த்துக் கேளுங்கள்.

பயணத்தில் இருக்கும்போதே வருடம் ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீட்டு வரி, மின் கட்டணம் பாக்கி இல்லாமல் இருக்கட்டும்.

காகிதங்களும் கைப்பேசியும்

சிறிய விஷயங்களாகத் தெரியும், வந்த முதல் மாதத்தில் மனிதரை அலைக்கழிப்பது இவைதான். இந்திய சிம் கார்டை 90 நாள் பயன்படுத்தாமல் வைத்தால் இணைப்புப் போய்விடக்கூடும். ஆதார், வங்கி எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் போனால் ஆதாரில் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும். இரண்டு வருடம் எந்த வரவு செலவும் செய்யாத வங்கிக் கணக்குச் செயல்படாத கணக்காகிவிடும். வெளிநாட்டில் வேலை பார்த்து என்.ஆர்.இ. கணக்கு வைத்திருந்தவர்கள், நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு

அந்தத் தாயை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிடுறாங்க?" பையில் மலேசிய மருந்துப் பட்டைகள் இருந்தன. பெயர்கள் இங்கே உள்ள பெயர்கள் அல்ல. "சுகர் பத்து இருந்துச்சு" என்றார் பெரியவர். மலேசியா, சிங்கப்பூரில் சர்க்கரையை வேறு அளவில் சொல்வார்கள். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால்தான் நம் ஊர் அளவு வரும். அங்கே 7 என்றால் இங்கே 126, அங்கே 10 என்றால் இங்கே 180. இது தெரியாமல் பெரியவரும் பக்கத்தில் நின்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனவே கிளம்புமுன் அங்குள்ள டாக்டரிடம் நோயின் விவரம், மருந்தின் மூலப்பெயர், அளவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். வந்த முதல் வாரத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்து அதைக் காட்டிவிடுங்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரைக்கான மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567. ஆம்புலன்ஸ் 108. இந்த இரண்டையும் இன்றே பெரிய எழுத்தில் எழுதிப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

வீட்டையும் அறுபது வயதுக் கண்ணால் பார்க்காமல் எண்பது வயதுக் கண்ணால் பாருங்கள். மாடியில் படுக்கை வேண்டாம். கழிவறையில் உட்காரும் கோப்பை, பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, உட்கார்ந்து ஒளுச் செய்ய ஒரு மேடை, இரவில் எரியும் சிறு விளக்கு. பளபளக்கும் டைல்ஸுக்குச் செலவழிக்கும் காசில் இவ்வளவும் முடிந்துவிடும்.

வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள்

ஆண்கள் காதில் இது விழ வேண்டும். "ஊருக்குப் போறோம்" என்று முடிவெடுப்பது பெரும்பாலும் நாம்தான். ஊருக்கு வந்ததும் நமக்குப் பள்ளிவாசல் இருக்கிறது, அசருக்குப் பிறகு திண்ணைப் பேச்சு இருக்கிறது. உம்மாவுக்கு? பிள்ளை வீட்டில் பேத்தியின் சத்தத்தில் இருந்தவர், இங்கே பூட்டிய நாலு அறையும் அடுப்புமாக இருக்கிறார். அந்தத் தாய் எங்கள் மகளிர் குழுவிடம் சொன்ன வார்த்தை இது: "அவுக ஊருக்கு வந்தாக. நான் வீட்டுக்குத்தான் வந்தேன்." அவர் ஊருக்கும் வர வேண்டும் என்றால் வீட்டு வேலைக்கு ஒரு துணை வேண்டும், வாரம் ஒருமுறை பெண்கள் கூடும் மஜ்லிஸுக்கு அழைத்துப் போக ஒருவர் வேண்டும், பேத்தியோடு தினமும் பேச ஒரு கைப்பேசியும் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க ஒரு பிள்ளையும் வேண்டும்.

எப்போது வருவது என்றும் பலர் கேட்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் ஷஃபான் மாதம் நல்லது. வீட்டைச் சுத்தம் செய்து முடிக்கும்போது ரமலான் வந்துவிடும். நோன்புக் கஞ்சி, இஃப்தார், தராவீஹ் என்று முப்பது நாளும் ஊர் முழுதும் பள்ளியில் இருக்கும். பத்து வருடம் விட்டுப்போன பழக்கமெல்லாம் ஒரே மாதத்தில் திரும்பும்.

தங்கிவிட்டால் பயணமே கூடாதா? அப்படி இல்லை. முன்பு ஒரு பிள்ளை வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை வீட்டுக்கு டிக்கெட் போட்டோம். இனி ஊரிலிருந்து போய் ஊருக்குத் திரும்ப டிக்கெட் போடுவோம். போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம்.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பணம் அனுப்புவதோடு கடமை முடியாது. பெற்றோரின் தெருவில் ஐந்து வீட்டாரின் எண் உங்கள் கைப்பேசியில் இருக்க வேண்டும். அவர்களுக்கு அவ்வப்போது ஸலாம் சொல்லுங்கள். அவசரத்துக்கு மட்டும் கூப்பிடும் உறவாக இருக்க வேண்டாம்.

முஹல்லாவுக்கு ஒரு வார்த்தை. திரும்பி வந்த பெரியவரைப் பார்த்தால் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "எப்போ திரும்பிப் போறீங்க?" அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் அவரை அது மீண்டும் விருந்தாளியாக்கிவிடுகிறது. அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். பதிலாக ஒரு வேலை கொடுப்போம். நாற்பது வருடம் கணக்கு எழுதியவர் பைத்துல்மால் கணக்கைப் பார்க்கட்டும். ஆசிரியராக இருந்தவர் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைக்கட்டும்.

அறக்கட்டளை சார்பில் மூன்று காரியம் தொடங்கியிருக்கிறோம். தெருவுக்கு ஒரு முதியோர் பட்டியல். அதில் பெயர், நோய், டாக்டர், பிள்ளைகளின் எண் இருக்கும். யாராவது ஊர் திரும்பினால் முதல் வாரத்துக்குள் ஆண்கள் இருவரும் மகளிர் குழுவில் இருவரும் வீட்டுக்குப் போவார்கள். வழக்கமாக வரும் பெரியவரைப் பள்ளியில் இரண்டு வக்து காணவில்லை என்றால், தொழுகை முடிந்ததும் ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. நடக்கக் கால் உள்ள வாலிபர்கள் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது நம் வாசகசாலையைக் காலையில் திறந்து வைக்கிறார். போன மாதம் மகள் டிக்கெட் அனுப்பியபோது, "வர்றேன் புள்ள, ஆனா இருபது நாள்ல திரும்பணும், சாவி என்கிட்ட இருக்கு" என்று சொன்னாராம். அவர் இப்போது முழுதாகத்தான் தொழுகிறார்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை அமைதியின் இடமாக ஆக்குவாயாக. பயணத்தில் இருப்பவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவாயாக. திரும்பி வந்தவர்களுக்கு நல்ல அண்டை வீட்டாராக எங்களை ஆக்குவாயாக. கடைசிச் சபருக்கு ஈமானோடு எங்களைத் தயாராக்குவாயாக. ஆமீன்.